அந்த இடத்தில் ஒன்று குறைகிறது



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை ஒரு தம்பி தம் அக்காவின் நினைவாக நிறுவியிருக்கிறார். அழைப்புக் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்ததும், பேசலாம் என்று எடுத்து வைத்திருந்த பொருளை ஒதுக்கிவிட்டேன். ஓர் அக்காவைப் பற்றியே பேசிவிடுவோம் என்று தோன்றியது. மோட்சார்ட்டின் அக்காவைப் பற்றி.

மேலை நாடுகளில் அவரை வைத்து எழுதப்பட்ட நாவல்கள் சில 'மோட்சார்ட்டின் சகோதரி' என்றே பெயர் சூட்டிக்கொண்டவை. நான்சி மோசர் ஆங்கிலத்தில் எழுதியதும், ரீட்டா ஷர்போனியே இத்தாலியில் எழுதியதும் அப்படித்தான். அந்த மொழிகளில் அக்காவும் தங்கையும் ஒரே சொல். தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே 'அக்கா' என்று எழுதியாக வேண்டும். எழுதியவுடன் காட்சி மாறிவிடுகிறது. முன்னால் பிறந்தவர், முன்னால் கற்றவர், தம்பி எட்டிப் பார்த்துப் பழகியது அவருடைய நோட்டில் என்பதெல்லாம் அந்தச் சொல்லோடு கூடவே வந்துவிடுகிறது.

அந்த நோட்டு உண்மையாகவே இருந்தது. மரியா அன்னா மோட்சார்ட், வீட்டில் செல்லமாக நானெர்ல், 1751 ஜூலை 30 அன்று சால்ஸ்பர்க்கில் பிறந்தார். பிறந்த ஏழு குழந்தைகளில் பிழைத்தவை இரண்டே. மூத்தவர் நானெர்ல், நாலரை வயது இளையவர் வுல்ஃப்காங். அப்பா லியோபோல்ட் வயலின் வித்வான். வயலின் பயிற்சி நூல் எழுதியவர். 1759-ல் மகள் வாசித்துப் பழகுவதற்காக ஒரு நோட்டில் பாடங்களை எழுதிக் கொடுத்தார். அதே நோட்டின் பாடங்களைச் சின்னவன் படித்தபோது, இந்தப் பாடத்தை இன்ன வயதில் கற்றான் என்று ஓரத்தில் குறித்தார். சின்னவன் தானே இட்டுக்கட்டிய முதல் துணுக்குகளையும் அதிலேயே எழுதினார். உலகம் மோட்சார்ட்டின் முதல் படைப்புகள் என்று கொண்டாடுபவை அக்காவின் பாட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதப்பட்டவை.

நானெர்லைப் பற்றி ஒரு நாவல் எழுத ஆறு வருடங்களாக முயன்றுகொண்டிருக்கிறேன். புகழ்பெற்ற ஆண்களின் நிழலில் நின்ற பெண்களை எழுதுவது இன்று வரலாற்று நாவலில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. அக்காக்கள், தங்கைகள், மனைவியர், மகள்கள். கிடைத்தவற்றைத் தேடித் தேடிப் படித்தேன். அவற்றின் மீது எனக்கு மரியாதை உண்டு. கூடவே ஒரு மனத்தாங்கலும் வளர்ந்தது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

இந்த வகை எழுத்துக்கெல்லாம் தாய் என்று சொல்லத்தக்கதும் ஒரு சொற்பொழிவுதான். 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் வர்ஜீனியா வுல்ஃப் பேசினார். மறுவருடம் அது நூலாயிற்று. ஷேக்ஸ்பியருக்கு அவரைப் போலவே திறமை வாய்ந்த ஒரு சகோதரி இருந்திருந்தால் என்று கேட்டு, ஜூடித் என்ற பெண்ணைக் கற்பனை செய்தார். ஏறத்தாழ நூறாண்டுகளாக எத்தனையோ எழுத்தாளர்கள் பேனா எடுக்கக் காரணமான கற்பனை அது. ஆனால் ஷேக்ஸ்பியருக்கு ஒரு தங்கை மெய்யாகவே இருந்தார். பெயர் ஜோன். தொப்பி செய்யும் ஒருவரை மணந்தார். அண்ணன் தன் உயிலில் அவருக்கு 20 பவுண்டும், தன் உடுப்புகளும், பிறந்த வீட்டில் வருடத்துக்கு 12 பென்ஸ் வாடகையில் ஆயுள் முழுதும் குடியிருக்கும் உரிமையும் எழுதி வைத்தார். வுல்ஃபைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு ஜூடித்தான் தேவைப்பட்டாள். எனக்கு மட்டும் அந்த 12 பென்ஸ் வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஜோனை விட்டு வர மனம் வரவில்லை. கற்பனைச் சகோதரி வந்ததும் மெய்யான சகோதரி இரண்டாம் முறையாக மறைந்துபோனார்.

நானெர்லுக்கும் அதுவே நடக்கிறது என்பது என் கவலை.

அவரை எழுதுகிறவர்களுக்குப் பெரிய தூண்டில் ஒன்று உண்டு. 1769 டிசம்பரில் அப்பாவும் தம்பியும் இத்தாலிக்குக் கிளம்பினார்கள். அதுவரை மூன்றரை வருடம் பாரிஸ், லண்டன், ஹேக் என்று குடும்பமே சேர்ந்து சுற்றி, அரசவைகளில் வாசித்திருந்தது. இந்த முறை பதினெட்டு வயது நானெர்ல் அம்மாவுடன் வீட்டில் நிறுத்தப்பட்டார். மறுவருடம் அவர் ஒரு பாடல் இயற்றித் தம்பிக்கு அனுப்புகிறார். தம்பி வியந்து, இன்னும் எழுது என்று ஊக்கப்படுத்திக் கடிதம் போடுகிறான். அந்தக் கடிதம் இருக்கிறது. பாடல் இல்லை. அவர் இயற்றியது என்று உறுதியாகச் சொல்ல ஒரு வரி இசைகூட நமக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பள்ளத்தில் எல்லோரும் விழுகிறோம். நானும் விழுந்தேன். என் முதல் வரைவில் நானெர்ல் ஒரு குளிர்கால இரவில் தன் சுரக்குறிப்புத் தாள்களை ஒவ்வொன்றாக அடுப்பில் போடுகிறார். தாள் சுருள்வதை, மை பளபளத்து மறைவதை நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். படித்த நண்பர்கள் கண்கலங்கினார்கள். ஆறு மாதம் கழித்து அந்த அத்தியாயத்தையே நீக்கினேன்.

ஏன் என்றால், அது அவர் குணம் இல்லை. நானெர்ல் காகிதத்தைக் காப்பாற்றியவர். அப்பா, அம்மா, தம்பி எழுதிய கடிதங்கள் அவரிடம் பத்திரமாக இருந்தன. தம்பியின் வரலாற்றை எழுத முனைந்த நிஸ்ஸனுக்கு அவற்றைக் கொடுத்தவர் அவர். 1792-ல், தம்பி இறந்த மறு வருடம், வாழ்க்கைக் குறிப்பு கேட்டவர்களுக்குச் சிறுவயது நினைவுகளை எழுதிக் கொடுத்தவரும் அவரே. வண்டியில் நெடுந்தூரம் போகும்போது தம்பி ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி, அதற்குத் தானே ராஜா என்று சொல்லிக்கொண்ட கதை அவர் சொல்லித்தான் வெளியே தெரியும். அந்த நாட்டை வைத்துத்தான் மேரி லூ 2020-ல் தன் நாவலை எழுதினார். லண்டனில் அப்பா நோய்ப்பட்டுக் கிடக்க, வீட்டில் வாத்தியம் ஒலிக்கக் கூடாது என்றிருந்த நாட்களில், தம்பி தன் முதல் சிம்ஃபொனியை எழுதினான். 'பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் படியெடுத்தேன்; கொம்பு வாத்தியத்துக்கு நல்ல வேலையாகக் கொடுக்க வேண்டும், எனக்கு ஞாபகப்படுத்து என்றான்' என்று நானெர்ல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இப்படிப்பட்டவர் கையில் தீக்குச்சியைத் திணிக்க எனக்கு என்ன உரிமை?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. அந்த எரிப்புக் காட்சி எதைச் சொல்கிறது? அவர் பெரிய மேதை, ஏனென்றால் அவரும் இயற்றினார், அதை நாம் இழந்துவிட்டோம் என்று சொல்கிறது. அதாவது, இயற்றியிருந்தால்தான் அவருக்கு மதிப்பு. இது தம்பிக்கு வைத்த அளவுகோல். அதே கோலை அக்காவின் முதுகில் வைத்து அளந்துவிட்டு, காணாமல் போன தாள்களைக் காட்டி உயரத்தைக் கூட்டிச் சொல்கிறோம்.

நானெர்லின் கலை வாசிப்பு. அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஐரோப்பாவின் மிகத் தேர்ந்த வாசிப்பாளர்களில் இவளும் ஒருத்தி என்று அப்பா ஊருக்கு எழுதினார். பெற்ற பாசத்தில் எழுதியது என்று தள்ள முடியாது. லியோபோல்ட் கறாரான வாத்தியார். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு மேலை நாட்டு வாசகரைவிட ஒரு வசதி உண்டு. நம் சங்கீதத்தில் வாசிப்பவர் கலைஞர். வீணை தனம்மாள் எத்தனை கீர்த்தனை இயற்றினார் என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வீணை கேட்கப் போனவர்கள், காற்றில் கரைந்துபோகிற ஒன்றுக்காகத்தான் போய் உட்கார்ந்தார்கள். 1938-ல் மறைந்த அவருடைய விரல்களில் கொஞ்சமாவது ஒலித்தட்டில் பதிந்தது. 1829-ல் மறைந்த நானெர்லின் விரல்கள் எதிலும் பதியவில்லை. பதிவு செய்ய எந்திரம் இல்லாத காலத்தின் வாசிப்பைத் திருப்பிக் கொண்டுவர நாவலைத் தவிர வேறு எதற்கு வழி இருக்கிறது? அந்த வேலையை விட்டுவிட்டு, காதல் தோல்வியையும் ரகசிய சிம்ஃபொனியையும் தேடிப் போகிறோம்.

வில்லனைத் தேடிப் போவதும் அப்படித்தான். இந்த நாவல்களில் அப்பா லியோபோல்ட் பெரும்பாலும் கல்நெஞ்சராக வருகிறார். மகளை வீட்டில் நிறுத்தியவர் அவரே என்பது உண்மை. மகளுக்கு வாசிக்கக் கற்றுக் கொடுத்ததும் அவரே. எல்லோரும் வெளியூர் போகச் செலவு கட்டாது. ஊதியம் தரும் பேராயரிடம் விடுப்புக்கு மன்றாட வேண்டும். கல்யாண வயதில் இருக்கும் பெண் மேடையில் காசுக்கு வாசித்தால் வரன் அமையாது. இப்படிக் கணக்குப் போட்ட அப்பாக்களை நம் தெருக்களிலும் பார்த்திருக்கிறோம். அவர்களைக் கொடியவர்களாக்கிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அன்போடு இழைக்கப்பட்ட அநியாயத்தை எழுதுவதுதான் கடினம். அதை எழுதாவிட்டால் நாவல் எதற்கு?

இதே போல நிழலில் நின்ற இன்னும் இரண்டு பெண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நானெர்லிடம் திரும்புகிறேன்.

ஃபேனி மெண்டல்சனின் வழக்கு வேறு மாதிரி. 1805-ல் பிறந்தவர், இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சனுக்கு மூத்தவர், இவரும் அக்காதான். பதினான்கு வயதில் அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: இசை தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அது அணிகலன் மட்டுமே. ஃபேனி எழுதுவதை நிறுத்தவில்லை. 450-க்கும் மேற்பட்ட படைப்புகளைத் தந்துவிட்டுப் போனார். அவற்றில் ஆறு பாடல்களைத் தம்பி தன் பெயரில் வெளியிட்டார். 1842-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா மகாராணி, தனக்குப் பிடித்த ஃபெலிக்ஸ் பாடல் என்று ஒன்றைத் தேர்ந்து பாட, அது என் அக்கா எழுதியது என்று ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1828-ல் ஃபேனி எழுதிய ஈஸ்டர் சொனாட்டா 1970-களில் தம்பியின் பெயரில் இசைத்தட்டாக வெளிவந்தது. 2010-ல் ஏஞ்சலா மேஸ் என்ற ஆய்வாளர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தார். ஃபேனியின் கட்டப்பட்ட தொகுப்பு ஒன்றில் சில பக்கங்கள் விடுபட்டிருந்தன. சொனாட்டாவின் பக்க எண்கள் சரியாக அந்த இடைவெளியில் போய்ப் பொருந்தின. அந்தப் பொருத்தத்துக்கு இணையான ஒரு காட்சியை எந்த நாவலாசிரியரும் இட்டுக்கட்ட முடியாது. ஃபேனியை எழுதுகிறவருக்குக் கற்பனைப் பஞ்சம் இல்லை, காகிதப் பஞ்சமும் இல்லை. அவர் தேட வேண்டியது ஒன்றே: 1846-ல், நாற்பது வயதில், தன் பெயரிட்ட முதல் நூலை அச்சுக்குக் கொடுக்க அவருக்கு எங்கிருந்து துணிவு வந்தது? மறு வருடமே, வீட்டில் நடக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போது மயங்கிச் சாய்ந்து இறந்தார். ஆறே மாதத்தில் தம்பியும் போனார்.

கரோலின் ஹெர்ஷல் தங்கை. யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் தங்கை. அண்ணன் தொலைநோக்கியின் ஆடியை மணிக்கணக்கில் மெருகேற்றும்போது, கையை எடுக்க முடியாத அவருக்குச் சோற்றை வாயில் ஊட்டியவர். 1783-ன் கடைசி இரவில் பனியில் ஓடும்போது வழுக்கி விழ, இரும்புக் கொக்கி தொடையில் ஏறியது. எட்டு வால்மீன்களைக் கண்டவர். முதலாவது, 1786 ஆகஸ்ட் 1, அண்ணன் ஊரில் இல்லாத இரவு. மறுவருடத்திலிருந்து அரசரிடமே ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் பெற்றார். 1788-ல் அண்ணனுக்குத் திருமணம் ஆயிற்று. அதன்பின் வந்த ஏறத்தாழப் பத்தாண்டு நாட்குறிப்புகளைக் கரோலினே அழித்துவிட்டார். நாவலாசிரியர்களுக்கு அந்தப் பத்தாண்டுகள் திறந்து கிடக்கும் வீடு போலத் தெரியும். எனக்கோ அது அவரே இழுத்துச் சாத்திய கதவு. காலத்தால் தொலைந்ததைக் கற்பனையால் நிரப்பலாம். ஒரு பெண் யோசித்து மறைத்ததை நிரப்பும்முன் வாசலிலேயே கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும். நான் எழுதமாட்டேன்.

நானெர்ல். 1784 ஆகஸ்டில், முப்பத்து மூன்று வயதில், கல்யாணம். மாப்பிள்ளை பெர்ஷ்டோல்ட், சாங்க்ட் கில்கன் என்ற ஏரிக்கரை ஊரின் நிர்வாக அதிகாரி. இரண்டு மனைவியரை இழந்தவர், ஐந்து குழந்தைகள். அவர் குடியிருந்த அரசாங்க வீடு, நானெர்லின் அம்மா பிறந்த அதே வீடு. ஊரில் சேர்ந்து வாசிக்க ஆள் இல்லை. ஏரியின் ஈரமும் குளிரும் பியானோவுக்கு ஆகவில்லை. கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், சுருதி நிற்காது. அழுத்திய கட்டை எழும்பவில்லை என்றால் வாசிப்பவரின் விரல் என்ன செய்யும்? பழக்கத்தில் மறுபடி அதே கட்டைக்கு வந்து இறங்கும், சுரம் ஒலிக்காது. அந்தப் பிழை அவருடையது இல்லை என்று சொல்லக் கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. என் நாவலில் இதற்கு ஓர் அத்தியாயம் முழுதும் கொடுத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், தன் சாவு வரை, அப்பா அவருக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கும் மேலே கிடைக்கின்றன. மகள் எழுதிய பதில்கள் இல்லை. அப்பாவின் பதிலிலிருந்துதான் மகளின் கேள்வியைக் காதில் வாங்க வேண்டும். தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் கேட்டு மறுமுனையை ஊகிப்பது போல.

1785 பிப்ரவரியில் அப்பா வியன்னாவுக்கு மகனைப் பார்க்கப் போனார். தனக்குத் தெரிந்த இசையமைப்பாளர்களில் உங்கள் மகனே தலைசிறந்தவர் என்று கடவுள் சாட்சியாக ஹைடன் தன்னிடம் சொன்னதை அங்கிருந்து எழுதினார். மோட்சார்ட்டைப் பற்றிய எந்த நூலைத் திறந்தாலும் இந்தச் செய்தி இருக்கும். அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார்ப்பவர் குறைவு. அது நானெர்லுக்கு வந்த கடிதம். கல்யாணமாகி ஆறு மாதம், வயிற்றில் பிள்ளை. பனி மூடிய சாங்க்ட் கில்கனில் அதைப் பிரித்து, புதிய கான்செர்ட்டோவை நகலெடுப்பவர் கச்சேரி நாளன்றும் எழுதிக்கொண்டிருந்தார் என்பது வரை படித்திருப்பார். படித்துவிட்டு என்ன செய்தார்? பொறாமைப்பட்டார் என்று எழுதுவது சுலபம், பூரித்தார் என்று எழுதுவதும் சுலபம். அந்தக் கான்செர்ட்டோவின் படி எப்போது வரும் என்று அவர் அப்பாவைக் கேட்டிருப்பார் என்று நான் எழுதினேன். வாசிக்கிறவருக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

கணவர் 1801-ல் இறந்தபின் சால்ஸ்பர்க் திரும்பினார். பியானோ சொல்லிக் கொடுத்தார். கடைசி வருடங்களில் பார்வை போயிற்று. 1829-ல் லண்டனிலிருந்து நாவெல்லோ தம்பதியர் திரட்டிய பணத்தோடு அவரைக் காண வந்தார்கள். அந்த அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். முதுமையைக் காட்டி அழவைக்க எனக்கு விருப்பமில்லை.

நாவலை எங்கே முடிப்பது என்று வெகுநாள் தெரியவில்லை. ஒருநாள் தம்பியின் 1784 ஜூன் கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. அந்த மார்ச்சில் வியன்னாவில் ஒரு டி மேஜர் கான்செர்ட்டோ எழுதி முடித்து, சால்ஸ்பர்க்குக்கு அனுப்பியிருந்தார். அக்கா வாசித்துப் பார்த்திருக்கிறார். நடுவில் வரும் மெதுவான பகுதியில், பியானோ தனியாக ஒலிக்கும் ஓர் இடத்தில், ஏதோ குறைகிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்கா சொல்வது சரிதான், அங்கே ஒன்று விடுபட்டிருக்கிறது, பியானோ தனியாக வாசிக்கும் காடென்சாக்களோடு சேர்த்து அதையும் அனுப்புகிறேன் என்று தம்பி அப்பாவுக்கு எழுதுகிறார். அந்த இடத்துக்கு அலங்காரங்கள் சேர்த்து எழுதிய ஒரு வடிவம் சால்ஸ்பர்க்கின் தூய பேதுரு மடத்து நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

இருபத்தெட்டு வயதில் புகழின் உச்சியில் இருக்கும் மோட்சார்ட்டிடம், இங்கே குறைகிறது என்று சொல்ல ஊரில் இருந்தவர் யார்? அவர் காதில் அது எப்படிப் பட்டது?

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. என் கடைசி அத்தியாயத்தில் கூடத்தின் மூலையில் பாதி நிரம்பிய பெட்டி திறந்து கிடக்கிறது. நானெர்ல் தம்பியின் தாளைப் பியானோ மேல் விரித்து மெதுவாக வாசித்துப் போகிறார். ஓர் இடத்தில் நிற்கிறார். நாலு அடி பின்னால் போய் மறுபடி வருகிறார். அதே இடம். அடுத்த அறையிலிருந்து அப்பா, ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்கிறார். பதில் சொல்லாமல், வலக்கையை மட்டும் கட்டைகள் மேல் வைத்து, எழுதப்படாத சுரங்களை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குகிறார்.